உளைவு

பெல்பியேர் ஆஸ்பத்திரியில், பின்படிக்கட்டோடு ஒரு அறை.
கடதாசி இல்லாதவரையும் அங்கே பார்ப்பார்கள் என்று
சிலாபத்தில் படகேற்றியவன் சொல்லவில்லை.
இரண்டு வருடம் கழித்து
கோழி பொரித்து விற்கிற லொறிக்குப் பக்கத்தில்
கேள்விப்பட்டது.

அறைக்குப் பெயர் பாஸ்.
இராசமலர் அக்காவுக்குச் சிரிப்பு.
"மூண்டு தரம் ஓ.எல். எழுதியும் கிடைக்காத பாஸ்
இஞ்ச கதவிலயே ஒட்டிக் கிடக்குது."

கவுண்டரில் இருந்தவளின் சட்டையில் ரமஸ்ஸமி.
வணக்கம் என்றாள்.
அதற்குமேல் தமிழ் அவளிடம் இல்லை.
விலாசம் கேட்டாள்.
மாதாகோயில் பாதர் எழுதித் தந்த துண்டை
அக்கா நீட்டினாள்.
என்னிடம் கேட்கவில்லை.
நான் வாய் மட்டும்தான்.
வாய்க்கு விலாசம் வேண்டாம்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?
சென்-அந்த்ரேயில் நான் சட்டி கழுவும் வீட்டு அம்மா
என் வீட்டு நம்பரை எந்தக் கடதாசியிலும் எழுதாதே என்று
முதல் நாளே சொன்னவ.
நீ அகதி இல்லை என்று எனக்கு வந்த கடிதம்
அவவின் அரிசி வாளிக்குள் கிடக்கிறது.

டொக்டர் ஓவாரோ கையைத் தேய்த்துச் சூடாக்கினா.
பூச்சியத்தில் இருந்து பத்து வரைக்கும்
இந்தத் தோள் நோ எத்தனை?

"குத்து இல்லையடி. எரிவும் இல்லை.
ஸ்திரிக்கைப் பெட்டியை வைச்ச பிறகும்
அதின்ர பாரம் கையில நிக்குது.
விடியப்புறம் உளையும்,
உளைஞ்சு உளைஞ்சு
பிறகு விண் விண் எண்டு தெறிக்கும்."

ஆறு, என்றேன்.

எப்போதிருந்து?
மூண்டு கிழமை, என்றாள் அக்கா.
மூன்று மாதம், என்றேன்.
வேறெங்காவது?
அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.
இடது மார்பில், அக்குள் ஓரமாக, ஒரு கட்டி, என்றேன்.
நோகாது. அதுதான் பயம், என்றேன்.

சட்டி கழுவிக் கற்ற பிரெஞ்சு.
பொய் சொன்னாலும் பிழை விட்டதாகத்தான் நினைப்பார்கள்.

அக்காவின் சட்டைக்குள் டொக்டரின் விரல்கள்
வட்டமாய்ப் போயின, திரும்ப வந்தன.
"தோளுக்கு ஏனடி அங்க தேடுறா?"
நான் மேசையில் இருந்த கையுறைப் பெட்டியை வாசித்தேன்.
பத்துப் பன்னிரண்டு மொழியில் ஏதோ எச்சரிக்கை.

டொக்டர் கையை எடுத்தா.
அக்காவின் தலையாட்டலை அவ கண்டிருந்தா.
என் தோள்பை இடப்பக்கம், நெஞ்சோடு.
மூன்று மாதமாக அதை அப்படித்தான் பிடிக்கிறேன்,
பஸ்ஸிலும், கடற்கரையிலும்,
ஆள் இல்லாத சமையலறையிலும்.

அக்காவைப் பார்க்காமலே கேட்டா:
எவ்வளவு பெரிசு?

புரட்டாதியில் மிளகு.
இப்போது லிச்சிக் கொட்டை.
இரண்டையும் தமிழில் சொல்லிவிட்டேன்.
மொழிபெயர்க்க அங்கே ஆள் இல்லை.

இராசமலர் அக்கா,
மெர்சி தவிர ஒரு சொல்லும் அறியாதவள்,
சுட்டுவிரல் நுனியில் பெருவிரலை வைத்து
டொக்டரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
நோகிற கை.
இறக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து
புதுத் தாள் ஒன்றை எடுத்தா.
பெயர்?
தவநிதி. எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
பிறந்த வருடம். சொன்னேன்.
அடுத்த கோட்டில் பேனை நின்றது.
ஜன்னலுக்கு வெளியே, கீழே, நகரம்,
அதற்கும் கீழே கடல்,
நாங்கள் வந்த பக்கம் எது என்று
இங்கிருந்து தெரியாது.

அக்கா பாதரின் துண்டை மடிப்பு நீவி
மறுபடியும் மேசையில் வைத்தாள்.

"இந்த விலாசத்தில
ரெண்டு பேர் படுக்கலாம்
எண்டு சொல்லு."